தண்ணீரை மறித்த பசைகள்

தண்ணீரை வெளியே நிறுத்துறது எப்படியென்று எங்கட துறைமுக ஊருக்கு எப்போதோ தெரியும். மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சி மேலே பூசுவார்கள். இந்த வேலைக்குத் தமிழில் ‘கலப்பற்று’ என்று தனிப்பெயரே இருக்கு. ஆனால் தண்ணீரை உள்ளே நிறுத்தி, அதற்குள் ஒரு உயிரையும் வாழவைக்கிறது வேறு சிக்கல். வள்ளத்தில் பூசினதில் நஞ்சு இருந்தால் கடல் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடித் தொட்டியில் அது போக இடமில்லை. மீனின் செவுளுக்குத்தான் போகும்.

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் சந்தித்தது இலண்டன். 1853இல் அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் கூடம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய ‘தி அக்குவாரியம்’ என்ற புத்தகம் அந்தச் சொல்லையே பிரபலமாக்கியது. அந்தக் காலத்துத் தொட்டிகள் இரும்பு, கல் சட்டங்களில் கண்ணாடியைப் பொருத்திச் செய்தவை. இடைவெளியை அடைக்க ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பட்டி. அதில் பல நேரம் ஈயப்பொடியும் கலந்திருக்கும். நல்லாப் பிடிக்கும், ஆனால் ஈயம் நஞ்சு. அதனால் புதுத் தொட்டியை நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றின பிறகுதான் மீன் விடவேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் என்றால் உலோகச் சட்டமும் துருப்பிடிக்கும்.

1960களில் சிலிக்கன் பசை வந்ததும் சட்டமே தேவையில்லாமல் போச்சு. கண்ணாடியைக் கண்ணாடியோடு நேரே ஒட்டலாம். வீட்டு வரவேற்பறையில் கடல்மீன் வளர்க்கிறது அப்போதுதான் இலகுவானது. இதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? அந்தத் தொட்டிகளை நிரப்பும் பவளப்பாறை மீன்கள் இலங்கைக் கடலிலிருந்தும் போகின்றன. திருகோணமலைக் கடலிலும் சுழியோடிகள் அலங்கார மீன் பிடிக்கிறார்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. பாறையைக் காக்கச் சட்டம் வந்தது நல்லது. ஆனால் பிடிபட்டுத் தொட்டிக்கு வந்துவிட்ட மீனைக் காக்கிறது தொட்டிக்காரரின் கைதான்.

சூப்பர் குளூவின் கதை வேறு. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட அதே வருடம், அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த பொருள் தொட்டதிலெல்லாம் ஒட்டியது. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958இல் அதுவே பசையாகச் சந்தைக்கு வந்தது. ஈரம் பட்டால் இறுகும் என்பதால் பவளத் துண்டுகளைக் கல்லில் ஒட்ட இன்றைக்கும் உதவுது. ஆனால் இறுகினதும் நொறுங்கும் தன்மை உள்ளது. தண்ணீரின் பாரம் தாங்கும் மூலை இணைப்புக்கு அதை நம்பக்கூடாது. பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறிக் கையைச் சுடும், கவனம்.

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: பசை பிடிக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது, காயும்போது எதை வெளியே விடுது என்றும் கேட்கவேணும். சாதாரண சிலிக்கன் காயும்போது வினாகிரி மணக்கும். அது அசற்றிக் அமிலம். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். குளியலறைக்கென்று விற்கிற, பூஞ்சணம் கொல்லும் மருந்து கலந்த வகையை வாங்கவேண்டாம். அந்த மருந்து மீனையும் கொல்லும். தொட்டியை வெறுமையாக்கி, பழைய சிலிக்கனை முழுக்கச் சுரண்டுங்கள். பழசின்மேல் புதுசு சரியாகப் பிடிக்காது. பிறகு இரண்டு நாளாவது, தடிப்பாகப் பூசியிருந்தால் ஒரு கிழமை, மணம் முற்றாகப் போகும்வரை காயவிட்டு, தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே மீனை விடுங்கள். கண்ணாடி வெடித்த ஹீட்டரை மட்டும் எந்தப் பசையாலும் ஒட்டவேண்டாம், எறிந்துவிடுங்கள். தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்தால் போறது மீனின் உயிர் மட்டுமில்லை.

ஒழுக்கை அடைக்கிறது அரை மணித்தியால வேலை. மீன் பிழைக்கிறதும் சாகிறதும் அதற்குப் பிறகு நாங்கள் காத்திருக்கிற நாட்களில்தான் இருக்கு.