செயற்பாடும் வாசிப்பும்: மாத்தளை ஆரம்ப வகுப்புகளில் தகவல் நூலின் இடம்

1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பதில்தான் சிக்கல். செயற்பாடு என்றால் பார்த்தல், தொடுதல், சேகரித்தல். வாசிப்பு தமிழ்ப் பாடத்துக்குரியது. அங்கும் கதையே முந்த வேண்டும் என்பது ஆய்வாளர் ஒரு சாராரின் கொள்கை. இதை ஏற்றால் தகவல் நூலுக்கு எந்தப் பாடத்திலும் இடமில்லை.

‘செயற்பாடு’ என்ற சொல்லை இவ்வளவு குறுக்கத் தேவையில்லை. மிளகை எடுத்துக்கொள்வோம். இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துப் பிள்ளைக்கு மிளகு புதிதல்ல. கிளிரிசீடியா மரத்தில் கொடி படர்வதையும், பறித்த பச்சைக் காய் பாயில் கிடந்து கறுப்பதையும் அது கண்டிருக்கும். ஆனால் ஏன் கறுக்கிறது? வெள்ளை மிளகு வேறொரு கொடியில் காய்ப்பதா? பாயருகே எத்தனை நாள் குந்தியிருந்தாலும் விடை கிடைக்காது. தோலிலுள்ள நொதியத்தின் வினையால் காய் கறுக்கிறது; அதே கொடியின் பழத்தை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை மிளகு. இதைச் சொல்ல நூலில் ஒரு பக்கம் போதும். பிள்ளை பொருளடக்கத்தில் அந்தப் பக்கத்தைத் தேடுகிறது; படத்தின் கீழுள்ள வரியை விரல் வைத்து வாசிக்கிறது; பிறகு ஊறிய மிளகொன்றை நகத்தால் உரித்து உள்ளே வெளுத்திருப்பதைப் பார்க்கிறது. கேள்வி, தேடல், வாசிப்பு, சரிபார்ப்பு நான்கும் சேர்ந்ததே செயற்பாடு என்று கொள்வதே பொருத்தம்.

கதையே முந்த வேண்டும் என்ற எடுகோளும் உறுதியானதல்ல. அமெரிக்கப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் கதைநூலைப் போலவே தகவல் நூலையும் தம் வாயால் ‘வாசித்துக்’ காட்டியதை 1993இல் கிறிஸ்டீன் பப்பாஸ் எடுத்துரைத்தார். 20 முதலாந்தர வகுப்பறைகளை ஆராய்ந்த நெல் டியூக், தகவல் நூலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடமே கிடைத்ததென 2000இல் காட்டினார். இவற்றை அப்படியே பெருந்தோட்டப் பாடசாலைக்குப் பொருத்த முடியாது. ஆயினும் குறை பிள்ளையின் திறனிலன்றி நாம் தரும் வாய்ப்பில் இருக்கலாம் என்ற ஐயத்தை இங்கும் தள்ளிவிட முடியாது. மிளகுக் கொடியை நன்கறிந்த பிள்ளைக்கு, அறியாத அரண்மனைக் கதையைவிட அந்தக் கொடியைப் பற்றிய பக்கமே எளிது என்பது என் துணிபு.

தகவல் நூலின் நடை வீட்டுப் பேச்சுக்குத் தூரம் என்பார்கள். கதைநூலின் நடையும் அப்படியே. நூல் இல்லை என்பார்கள். 1980 முதல் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல்களில் சுற்றாடல் நூலே ஒரு தகவல் நூல்தான்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு பாடவேளையிலாவது அந்த நூலை முதற்பக்கத்திலிருந்து அல்லாமல், பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து திறவுங்கள்.