கோழியிடம் தோற்ற பிளேடு

1958. அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் பார்மா என்ற ஊர். யூனியன் கார்பைடு ஆய்வுக்கூடத்தில் ரோஜர் பேக்கன் என்ற இயற்பியலாளர் கிராஃபைட்டை உருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண அழுத்தத்தில் அது உருகாது, நேராக ஆவியாகிவிடும். அதனால் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றி மின்சாரத்தைப் பாய்ச்சினார். சோதனை முடிந்ததும் உள்ளே ஒரு கறுப்புத் திரள் படிந்து கிடந்தது. உடைத்துப் பார்த்தார். உள்ளே மயிரிழைகள்!

தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கார்பன் இழைகள். வளைத்தால் முறியவில்லை; இழுத்தால் எஃகையே மிஞ்சின. ஆனால் ஒரு பவுண்டு இழை செய்ய ஒரு கோடி டாலர் ஆகும் என்று பேக்கனே கணக்குப் போட்டார். அந்த விலைக்கு அரசர்கள்கூட வாங்க மாட்டார்கள். மலிவான வழி வேறெங்கோ ஒளிந்திருந்தது.

அது ஸ்வெட்டர் நூலில் இருந்தது. ஒஸாகாவின் அரசு ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த அகியோ ஷிண்டோ, 1959இல் அமெரிக்கக் கார்பன் இழை பற்றிய செய்தியொன்றை நாளிதழில் படித்தார். உடனே அக்ரிலிக் நூலைக் கையில் எடுத்தார். முதலில் காற்றில் மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்தி, பிறகு காற்றுப் புகாத உலையில் கரியாக்கினார். நல்ல இழை கிடைத்தது. அதற்கு முழு முறுக்கேற்றியது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகம். சூடுபட்ட நூல் சுருங்கும் அல்லவா? வில்லியம் வாட் குழுவினர் அதைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தார்கள். 1960களின் நடுவில் அந்த வித்தை ரோல்ஸ்ராய்ஸின் கைக்குப் போனது. அங்கேதான் வந்தது வினை.

1968இல் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்கு எஞ்சின் செய்ய ரோல்ஸ்ராய்ஸ் ஒப்பந்தம் போட்டது. முன்பக்க விசிறியின் பிளேடுகளைக் கார்பன் இழையிலேயே செய்வதாகத் திட்டம். எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும், போட்டி நிறுவனங்கள் வாய் பிளக்கும். 1970இல் பறவை மோதல் சோதனை வந்தது. சுழலும் விசிறிக்குள் கோழியை வேகமாக எறிந்தார்கள்.

பிளேடு சிதறியது. இழுத்தால் அசையாத அந்தப் பொருள், குறுக்கே விழுந்த அடியைத் தாங்கவில்லை. நல்லவேளை, மாற்றாக டைட்டானியம் பிளேடு தயாராகிக்கொண்டிருந்தது, எஞ்சின் பிழைத்தது. நிறுவனம் பிழைக்கவில்லை. எகிறிய செலவில் மூழ்கி, 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ்ராய்ஸ் திவாலானது. பழியை முழுக்கக் கோழியின் தலையில் கட்டுவது நியாயமில்லை, கணக்குப் புத்தகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் கார்பன் பிளேடின் கதை அதோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

வானத்துக்குப் போக வந்த இழை மீன் பிடிக்கப் போனது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971இல் கார்பன் இழையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூண்டில் கழிகளும் கோல்ஃப் மட்டைகளும்தான் அதற்குச் சோறு போட்டன. அந்த இடைவெளியில், இழைகளைப் பிணைத்துப் பிடிக்கும் ரெசின்கள் வலுவேறின. கோழி அடித்த இடத்தை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. அந்த விடைதான் விசித்திரம்: கார்பனை வெளியே தள்ளிய அதே டைட்டானியத்தை முன் விளிம்பில் கவசமாக ஒட்டினார்கள்.

1995இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 விமானத்தில் ஜிஇ-90 எஞ்சின் பறந்தது. பறவைச் சோதனையில் தேறி வந்த கார்பன் பிளேடுகள் அதில் சுழன்றன. விமான நிலையக் கண்ணாடி வழியாகப் பயணிகள் அரைத்தூக்கத்தில் பார்க்கும், வெள்ளி விளிம்பு போட்ட அந்தக் கறுப்பு பிளேடு இதுதான்.

அதைப் பெற்றெடுத்தவை டெக்சாஸின் சான் மார்கோஸ் ஊரில் இருக்கும் தொழிலாளர்களின் கைகள். ரெசின் தோய்ந்த கார்பன் தாள், உறைபெட்டியிலிருந்து வெளியே வந்ததுமே அதன் ஆயுள் குறையத் தொடங்கும். கையுறை போட்ட ஃபிட்டர், லேசர் ஒளி வரைந்து காட்டும் கோட்டுக்குள் ஒவ்வொரு தாளையும் வைத்து, காற்றுக் குமிழி தங்காமல் தேய்த்து ஒட்டுவார். இழை ஓடும் திசை அடுக்குக்கு அடுக்கு மாறும். இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகள். தாளின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளின் ஒரு துணுக்கு உரிக்கப்படாமல் நடுவில் சிக்கினாலும் அந்த இடத்தில் அடுக்குகள் ஒட்டாது. பிறகு வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கி, உள்ளே பிளவு இருக்கிறதா என்று ஒலி அலையால் தேடுவார்கள்.

2023இல் இங்கிலாந்தின் டெர்பியில் அல்ட்ராஃபேன் என்ற புதிய எஞ்சின் முதன்முறையாகச் சுழன்றது. அதன் விசிறி பிளேடு கார்பன், விளிம்பு டைட்டானியம். செய்த நிறுவனம், திவாலிலிருந்து மீண்டெழுந்த ரோல்ஸ்ராய்ஸ்.