மைதானமா, பல்கலைக்கழகமா?

1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப்பதக்கம் வென்றவர், யாழ்ப்பாணம் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. இது தமிழர் பலரும் பெருமையுடன் நினைவுகூரும் செய்திதான். ஆயினும் அந்தப் பதக்கத்தினால் அவருக்கு ஒரு சதமேனும் வருமானம் கிடைக்கவில்லை என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 17. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பயின்று அதன் மெய்வல்லுநர் அணியிலும் இடம்பெற்றார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளில் கல்விப்பணி புரிந்தார். 2024ஆம் ஆண்டு காலமாகும்வரை அவர் விளையாட்டு வீரராக மட்டுமன்றிக் கல்விமானாகவும் மதிக்கப்பட்டார்.

அவருக்கு முன்னோடியான டங்கன் வைற்றின் வரலாறும் இத்தகையதே. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான அவர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 வினாடிகளில் ஓடி வெள்ளிப்பதக்கம் வென்றார். இலங்கையின் முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அது. அதன் பின்னர் அவர் சென்றது இங்கிலாந்தின் லஃப்பரோ கல்லூரிக்கு. ஓட்டம் அவரைக் கல்வியிடம் கொண்டுசென்றது.

இவ்விருவரும் கல்விக்கும் விளையாட்டுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யவேண்டிய நிலையில் இருக்கவில்லை. காரணம், தெரிவு செய்வதற்கு மறுபக்கத்தில் எதுவும் இருக்கவில்லை. ஒலிம்பிக் இயக்கத்தின் அன்றைய அமெச்சூர் விதி, விளையாட்டின் மூலம் பணம் பெற்றவரைப் போட்டிக்கே அனுமதிக்கவில்லை. 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கங்களை வென்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்னர் சிறு தொகை பெற்று பேஸ்போல் ஆடினார் என்பதற்காக 1913இல் பதக்கங்களை இழந்தார். அவர் தனித்த வெற்றியாளர் என்பதை சர்வதேச ஒலிம்பிக் குழு முழுமையாக ஏற்றுக்கொண்டது 2022இல்தான். ஏழைக்கு இழைக்கப்பட்ட அநீதி அந்த விதி என்பதில் ஐயமில்லை. எனினும், ஆடி முடித்தபின் வாழ்வதற்கு வேறொரு தொழில் வேண்டும் என்ற எண்ணத்தை ஒவ்வொரு வீரனின் மனத்திலும் அது பதித்திருந்தது.

1974இல் ஒலிம்பிக் சாசனத்திலிருந்து அமெச்சூர் என்ற சொல் அகன்றது. 1977இல் அவுஸ்திரேலியரான கெரி பக்கர் நடத்திய தொடர் கிரிக்கெட் வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியது. 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. 2008இல் இந்தியன் பிரீமியர் லீக் ஆரம்பமானது. அதுவரை இல்லாதிருந்த மறுபக்கம் இவ்வாறு படிப்படியாக உருவாகியது.

குமார் சங்கக்கார கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீட மாணவராக இருந்தவர். 2000ஆம் ஆண்டு இலங்கை அணியில் இடம்பிடித்ததும் சட்டப்படிப்பு நின்றுபோனது. அவர் இழந்தது அதிகமில்லை என்று கூறலாம். 2019இல் மெரிலிபோன் கிரிக்கெட் கழகத்தின் தலைவராகப் பதவியேற்ற முதலாவது பிரித்தானியரல்லாதவர் அவரே. ஆனால் சங்கக்காரவை உதாரணம் காட்டிப் படிப்பை விடுமாறு எந்தப் பிள்ளைக்கும் ஆலோசனை கூற முடியாது. வென்றவரின் பெயரை நாம் அறிவோம். அதே வயதில் படிப்பை விட்டு, இரண்டு பருவங்களின் பின் முழங்கால் காயத்துடன் வீடு திரும்பியவரின் பெயரை எந்தப் பத்திரிகையும் அச்சிடுவதில்லை.

எதிர்வீரசிங்கம் பயின்ற அதே மத்திய கல்லூரியிலிருந்து வந்தவர் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில், 19 வயதை எட்டும் வேளையில், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக அறிமுகமானார். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு அவரை இணைத்துக்கொண்டது. ஒரே பாடசாலையின் இரு மாணவர்கள். இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். முன்னவரின் காலத்தில் பந்தினாலோ பாய்ச்சலினாலோ பெற இயலாதிருந்த ஒன்று, பின்னவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. வடபுலத்து இளைஞனுக்கு இது எத்துணை பெரிய மாற்றம் என்பதை விளக்கத் தேவையில்லை.

அதேவேளை, மைதானத்தில் நிற்கும் பிள்ளையைப் படிக்க வருமாறு அழைக்கும் யாழ்ப்பாணப் பெற்றோரைப் பிற்போக்குவாதிகள் என்று எள்ளி நகையாடுவதும் முறையன்று. எழுபதுகளின் தரப்படுத்தலில் ஒவ்வொரு புள்ளியும் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்ததைக் கண்ட தலைமுறை அது. போரில் வீடும் காணியும் பறிபோனபோதும் பறிக்கமுடியாதிருந்தது கல்வி ஒன்றே. அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கின்றது.

கொடுமை என்னவெனில், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு அமரும் வயதும் 19 வயதுக்குட்பட்டோர் அணித் தெரிவுக்கான வயதும் ஒன்றே. இரண்டு கதவுகளும் ஒரே ஆண்டில் திறக்கின்றன. ஒன்றினுள் நுழைந்தால் மற்றது மூடிக்கொள்கின்றது.

அமெரிக்காவில் இது மாறியுள்ளது. 2021 முதல் அங்குள்ள கல்லூரி வீரர்கள் தமது பெயரைக் கொண்டு விளம்பர வருமானம் பெறலாம். 2025இல் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். எதிர்வீரசிங்கம் ஒரு சதமும் பெறாமல் பாய்ந்த அதே லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், இன்று ஒரு மாணவன் படித்துக்கொண்டே சம்பாதிக்க முடியும்.

அத்தகைய செல்வம் நம்மிடம் இல்லை. ஆனால் மூடிய கதவை மீண்டும் திறப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. விளையாடச் சென்றவன் 25 வயதிலோ 30 வயதிலோ திரும்பி வந்தால், பல்கலைக்கழகத்தில் அவனுக்கென ஓர் இடம் காத்திருக்க வேண்டும். அந்த உறுதி இருக்குமானால், பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மைதானமா பல்கலைக்கழகமா என்று கேட்கவேண்டிய அவசியம் பெருமளவு குறைந்துவிடும். பாய்ந்த பின்னரும் படிக்கலாம் என்பதற்கு எதிர்வீரசிங்கத்தின் வாழ்வே சான்று. அவருக்குக் கிட்டிய அந்த வாய்ப்பு, இன்று பந்தும் கையுமாக நிற்கும் பிள்ளைகளுக்கு விதியாக எழுதப்பட வேண்டும்.