இலவசமும் அதன் கணக்கும்

எம்மிடம் பயின்று வெளியேறிய மாணவர் மூவர் சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் பாடசாலைக்கு வந்தனர். மூவரும் அட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில், லயக் காம்பராக்களிற் பிறந்து வளர்ந்தவர்கள். கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள். இணையத்தளம் அமைக்கும் தொழிலைத் தம் முயற்சியாலேயே கற்ற அவர்கள், கற்றவற்றைத் தமிழிற் பாடங்களாக எழுதி, யாவரும் காசின்றிப் பயிலுமாறு ஒரு தளத்தில் வைத்திருந்தனர். ஓராண்டு இனிதே கழிந்தது. தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் உரிய கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டிய நாள் வந்தபோது கையிற் காசில்லை. மூவரில் ஒருவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போக மூட்டை கட்டியிருந்தான்.

"சேர், எல்லாருக்கும் இலவசமாகத்தான் கொடுத்தோம். இனி நாங்கள் எதைச் சாப்பிடுவது?" என்று அவன் கேட்டான்.

நாம் தமிழ் போதிக்கும் ஆசிரியர். கணினித் தொழிலின் நுட்பம் அறிந்தவர் அல்லர். ஆயினும் அந்த வினா கணினியோடு பிறந்த வினா அன்று. இலவசமாகக் கொடுக்கப்படும் ஒன்றின் செலவை யார் சுமக்கிறார்கள், அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பது வரலாற்றைப் பார்த்துக் கேட்க வேண்டிய வினா. அதிலும் மலைநாட்டு மக்களின் வரலாற்றைப் பார்த்துக் கேட்க வேண்டிய வினா.

இலவசம் என்னும் சொல் எம் முன்னோருக்குப் புதியதன்று. கடல் கடந்து வருவதற்கு அவர்கள் தம் கையிலிருந்து காசு கொடுக்கவில்லை. கங்காணி அழைத்தான், வழிச்செலவும் சோறும் துணியும் அவனே கொடுத்தான். தோட்டத்தை அடைந்த பின்னர்தான் அவை யாவும் அவரவர் பெயரிற் கடனாக எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. அக்கடனைச் சுமந்த காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளி துண்டின்றிப் போகவியலாது. புதிய துரை பழைய கடனைத் தீர்த்தால் மட்டுமே அவனுக்கு விடுதலை. விடுதலை என்றா சொன்னோம்? கடன் கைமாறியது, அவ்வளவே. 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை இந்த நிலை நீடித்தது. இருக்க லயம் இலவசம், மருந்து இலவசம் என்று சொல்லப்பட்டவற்றுக்கும் விலை இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பதே அந்த விலை.

எனவே மலைநாட்டான் ஒருவன் 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?' என்று கேட்பானாயின், அதை அவநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அது அவன் பாட்டன் பட்டறிவு.

இந்த வினாவை மனத்திற்கொண்டு இணையத்தின் வரலாற்றைப் பார்ப்போம். அதன் தொடக்கம் பெருந்தன்மையானது. ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பேர்னேர்ஸ்-லீ உருவாக்கிய வலையை, 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி, எவரும் உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அந்நிறுவனம் உலகுக்கு வழங்கியது. சேர்ன் ஐரோப்பிய அரசுகளின் பணத்தால் நடப்பது. ஆகவே அந்தக் கொடைக்கான செலவை ஏற்றவர்கள் அந்நாடுகளின் வரி செலுத்தும் மக்களே. வலை வந்ததும், அதில் தளம் அமைப்பது எங்ஙனம் என்று கற்பிக்கும் தளங்களும் தோன்றின. அவையும் பெரும்பாலும் இலவசமே. அவை உயிர்வாழக் கண்ட வழிகள் நான்கு எனலாம்.

முதல் வழி விளம்பரம். நோர்வே நாட்டிலே 1998இல் தொடங்கிய 'டபிள்யூ3ஸ்கூல்ஸ்' என்னும் தளம் இவ்வழியில் வளர்ந்தது. பாடம் இலவசம், பாடத்தின் ஓரத்தில் விளம்பரம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுவோர் காசு கொடுப்பர். ஆங்கிலத்திற் கோடிக்கணக்கானோர் வந்துபோகும் தளத்துக்கு இவ்வழி பயன் தந்தது. தமிழின் நிலை வேறு. கூகுள் நிறுவனத்தின் 'அட்சென்ஸ்' விளம்பர முறை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டதே 2018ஆம் ஆண்டிற்றான். ஏற்ற பின்னரும், விளம்பரக்காரன் விலை பேசுவது வாசகனின் அறிவுத் தாகத்தைப் பார்த்தன்று, அவனுடைய பணப்பையைப் பார்த்தே. நாட்கூலி 1000 ரூபாவாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021இலே அதைப் பெற்ற மக்களின் பிள்ளைகள் படிக்கும் பக்கத்துக்கு அவன் என்ன விலை கொடுப்பான்? விளம்பரத்தை மட்டுமே நம்பி ஒரு சிறு தமிழ்த் தளம் அடுப்பெரிக்க முடியாது.

இரண்டாவது வழி பெருநிறுவனத்தின் நிழல். மொசில்லா நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'எம்.டி.என்.' என்னும் கையேட்டுத் தளம் இத்தொழிலாளர் அனைவரும் நம்பும் நூலகம் போன்றது. 2020 ஓகஸ்டில் அந்நிறுவனம் ஏறத்தாழ 250 பேரை வேலையினின்றும் நீக்கியது; கையேட்டை எழுதியவர்களும் அவர்களுட் பலர். மரம் சாய்ந்தால் நிழல் எங்கே? அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே, அக்கையேட்டைக் காக்கவென்றே நன்கொடையால் இயங்கும் 'ஓபன் வெப் டொக்ஸ்' என்ற அமைப்பு தோன்றிற்று. 2022இல் மொசில்லாவும், கையேட்டை யாவர்க்கும் திறந்தபடியே வைத்து, மேலதிக வசதிகளை மட்டும் சந்தாதாரருக்கு விற்கும் முறையைத் தொடங்கியது. அறிவை விற்காமல், அறிவைச் சுற்றியுள்ள வசதியை விற்பது என்னும் இந்த வேறுபாடு கவனித்தற்குரியது.

மூன்றாவது வழி பலர் உழைப்பை ஒருவர் உடைமையாக்குவது. 2008இல் எழுந்த 'ஸ்டாக் ஓவர்ஃபுளோ' தளத்தில் உலகெங்குமுள்ள நிரலாளர் வினா எழுப்பினர். வேறு நிரலாளர் கூலியின்றி விடையெழுதினர். தளமோ விளம்பரம், வேலைவாய்ப்பு அறிவித்தல், நிறுவனங்களுக்கான தனிச்சேவை ஆகியவற்றால் வருமானம் கண்டது. 2021இல் அது 180 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. விடையெழுதிய இலட்சக்கணக்கானோருக்கு அந்தப் பணத்தில் ஒரு சதமும் இல்லை. 2024இல், அந்த விடைகளைச் செயற்கை அறிவு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கும் உடன்பாடு வெளியானதும், சிலர் சினந்து தம் விடைகளைத் தாமே அழிக்க முற்பட்டனர். தளம் அவற்றை மீட்டு வைத்தது. அழித்தவர்களின் கணக்குகளை இடைநிறுத்தியது.

இதைப் படிக்கையில் எமக்குத் தோட்டத்து நிறுவை நினைவுக்கு வருகிறது. கொழுந்தைப் பறித்தவள் வரிசையில் நிற்கிறாள், நிறுப்பவன் வேறொருவன். குறித்த இறாத்தல் குறைந்தால் அரைப்பேர். கூடையிலிருந்து கொட்டிய கொழுந்து தொழிற்சாலைக்குப் போனபின் அது அவளுடையதன்று. கொழும்பு ஏலத்தில் அதன் விலை என்னவென்று அவளுக்கு எவரும் சொல்வதில்லை. விடையெழுதிய நிரலாளனையும் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அவன் மனமுவந்து எழுதினான். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் பலர் கை சேர்ந்து குவித்த குவியலுக்குச் சிலர் விலை பேசும் முறை ஒன்றே.

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவரும் உண்டு. விக்கிப்பீடியா தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 2002இல், அதில் விளம்பரம் வரலாம் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிவந்தவர்களிற் பலர் உடனே பிரிந்து சென்று தமக்கென ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டனர். விக்கிப்பீடியா விளம்பரமின்றி, வாசகரின் நன்கொடையால் நடப்பதற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம் எனல் பொருந்தும்.

நான்காவது வழி அந்த நன்கொடையே. 2014இல் தொடங்கிய 'ஃப்ரீ கோட் காம்ப்' என்னும் பயிற்சித் தளம், இலாப நோக்கற்ற அமைப்பாகப் பல்லாயிரவரின் சிறு கொடைகளால் நடந்துவருகிறது. ஆனால் கொடையை நம்பியிருத்தலும் எளிதன்று. உலகின் இணையத் தளங்களிற் பெரும்பகுதிக்குப் பூட்டாக விளங்கிய 'ஓபன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2000 டொலர்தான் என்பது, 2014இல் அதிலே பெரும் பழுது கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே உலகுக்குத் தெரிந்தது. அதைக் கொண்டு பெருவணிகம் நடத்திய நிறுவனங்கள் அதன் பின்னர்தான் மடிசீலையை அவிழ்த்தன. கேட்காதவனுக்கு எவரும் கொடுப்பதில்லை என்பது இதன் பாடம்.

தமிழர்க்கு இந்த நான்காவது வழி புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வருமுன்னரே அன்பர் பலரிடம் கையொப்பம் பெற்றுப் பணம் திரட்டியே அச்சுச் செலவைச் சமாளித்தார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பொன்றையே முதலாக வைத்துத் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாக வழங்கியது. 2005இல் ஈழத்துத் தமிழர் தொடங்கிய நூலகம் தளம், இலங்கைத் தமிழ் ஏடுகளையும் நூல்களையும் அனைவரும் படிக்க வைத்திருக்கிறது. உள்ளூரிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ளோர் தரும் கொடை அதன் தூண். எமது மாணவர் எடுத்துக்கொண்ட துறைக்கே நேரான முன்னோடியும் உண்டு. 2012 தைமாதம் தமிழகத்தில் தொடங்கிய 'கணியம்' என்னும் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருவது. து. நித்யா எளிய தமிழில் எழுதிய எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். முதலிய நூல்களை அது இலவசமாக வெளியிட்டிருக்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமையோடு எவரும் பகிரலாம் என்பது அதன் நியதி. கொடை பெற்று நடக்கும் அந்த முயற்சியில் வரவும் செலவும் ஊரறிய வெளியிடப்படுகின்றன.

வரவும் செலவும் என்றதும் எம் மலைநாட்டின் முன்னோடி ஒருவரை நினையாதிருக்க முடியாது. கோ. நடேசய்யர் தஞ்சையில் வணிகப் பாடம் போதித்தவர். கணக்குப் பதிவு பற்றித் தமிழில் நூலெழுதியவர். தோட்டத்துள் அந்நியர் நுழையத் தடையிருந்த காலத்தில், புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குட் சென்று அவர் மக்களின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். 'தேசபக்தன்' நடத்தினார்; 1931இலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார்; தொழிலாளர் பற்றிய சட்டங்களை அவர்களுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அதுவும் அறிவைத் திறந்து வைத்த பணிதான். துரைமாரின் விளம்பரத்தை நம்பியிருந்தால் அந்தப் பணி ஒரு நாளும் நடந்திராது. சங்கம் என்பதே ஏழைகள் ஒவ்வொருவரும் சிறு தொகை கொடுத்து, கணக்குக் கேட்கும் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடன்றோ?

இவ்வளவையும் சீர்தூக்கி எம் மாணவர்க்கு நாம் சொன்னவை சில.

பாடங்களைப் பூட்டாதீர்கள். பூட்டினால் முதலிற் கதவுக்கு வெளியே நிற்பவன் உங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளையே. ஆனால் பாடம் இலவசம் என்பதனால் உங்கள் உழைப்பெல்லாம் இலவசம் ஆகிவிடாது. கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் தளம் அமைத்துக் கொடுங்கள். அதற்கு முறையான கூலி கேளுங்கள். உங்கள் பாடத் தளமே உங்கள் திறமைக்குச் சாட்சி. நேரில் வகுப்பு நடத்தினால் இயன்றவரிடம் கட்டணம் பெறுங்கள். விளம்பரம் வந்தால் வரட்டும். ஆனால் அதை மோராகக் கொள்ளுங்கள், சோறாகக் கொள்ளாதீர்கள். சூதாட்டத்துக்கும் வட்டிக் கடனுக்கும் உங்கள் பக்கத்தில் ஓர் அங்குல இடமும் கொடாதீர்கள். படித்துப் பயன்பெற்று வேலைக்குப் போனவர்களிடம் கூச்சமின்றி ஆண்டுச் சந்தா கேளுங்கள். தளத்தின் பெயர் மூவருக்கும் பொதுவாக இருக்கட்டும். பிறர் எழுதிய பாடத்தில் அவரவர் பெயர் இருக்கட்டும். நாளை ஒருவன் விலை பேசி வந்தாலும், எழுதியவரின் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த காசையும் போன காசையும் மாதந்தோறும் தளத்திலேயே எழுதி வையுங்கள்.

அரசுக்கும் இதிற் கடமை உண்டு. மக்கள் வரிப்பணத்தில் பாடநூல் இலவசமாக அச்சிடப்படும் நாட்டில், மக்கள் மொழியில் தொழில் கற்பிக்கும் தளங்களுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு கேட்பது பிச்சையன்று. 2023இலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவூட்டிய மக்கள், காணியும் வீடும் கேட்டார்கள். அவற்றோடு அறிவுக்கான வழியையும் கேட்க வேண்டிய காலம் இது.

மூவரும் அன்றிரவு எம் வீட்டு மேசையில் ஒரு பயிற்சிக் கொப்பியைத் திறந்து, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று கோடிட்டனர். முதல் வரவு ஆசிரியர் அறையில் நாம் திரட்டிய சிறு தொகை; முதற் செலவு தளத்தின் ஆண்டுக் கட்டணம். மூட்டை கட்டியவன் கொழும்புப் பயணத்தை மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறான். மூன்று மாதத்தின் பின் என்ன ஆகும் என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும். ஆனால் ஒன்று மாறிவிட்டது. அவன் பாட்டனின் கணக்கை வேறொருவன் எழுதினான். இவன் கணக்கை இவனே எழுதுகிறான்.