ஒட்டு மென்பொருள்களின் தமிழ்

விண்டோஸ் 98 ஓடிய கணினிக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. அதில் தமிழ் எழுத விரும்பியவர் ஓர் எழுத்துருக் கோப்பை ஃபான்ட்ஸ் அடைவில் போட வேண்டும். விசைப்பலகையைக் கண்காணிக்கும் சிறு மென்பொருள் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட வேண்டும். எழுதியதை வாங்கிப் படிப்பவரின் கணினியிலும் அதே எழுத்துரு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒட்டுவேலைக் காலத்தை இன்று நினைவுகூர்பவர்கள், யூனிகோடு வந்து ஒழுங்கு பிறப்பதற்கு முந்தைய குழப்பம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். அந்தத் துணைக் கருவிகள் இரண்டு வேலைகளைச் செய்தன. எழுத்தை வட்டில் எப்படிச் சேமிப்பது என்பது ஒன்று. விரலால் எப்படி எழுதுவது என்பது மற்றொன்று. முதலாவது அழிந்தது, அழிந்ததும் நல்லதே. இரண்டாவது அழியவில்லை. இயங்குதளத்துக்கு வெளியே பிறந்த அது, பின்னாளில் இயங்குதளத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

முதலில் சேமிப்பைப் பார்ப்போம். ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் போயின. மீதியில் மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் குடியிருந்தன. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் அந்த வீடுகளுக்குள் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டிய பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொண்டன. 247 எழுத்துகளும் தனித்தனியே அடங்காது என்பதால், கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், கு, கூ போன்ற வடிவங்களுக்குத் தனித்தனி இடம் என்று அச்சுக்கோப்பவரின் அறைப்பெட்டிக் கணக்கில் பிரித்தார்கள். ஆகவே ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வட்டில் பதிந்தது. இதனால் அகரவரிசைப்படுத்துவதும் தேடுவதும் தனிச் சிக்கலாயின. இரவல் வீட்டில் வேறு தொல்லைகளும் இருந்தன. தகுதரம் எனப்பட்ட டிஸ்கி குறிமுறையில் ‘இ’ 173ஆம் இடத்தில் இருந்தது. மேலை அட்டவணையில் அந்த இடம் வரி முறிந்தால் மட்டுமே தெரியும் இணைப்புக்குறிக்கு உரியது. அதனால் சில செயலிகள் இகரத்தை விழுங்கிவிட்டன. 1.7 பதிப்பு 254ஆம் இடத்தில் இன்னோர் இகரத்தை வைத்துச் சமாளித்தது.

விசைப்பலகையின் கதை வேறு. எழுத்துரு என்பது வெறும் படத்தொகுதி. முந்தைய விசை எது என்பது அதற்குத் தெரியாது. பயனர் ‘க’வை அடித்து, பிறகு ‘எ’யை அடித்தால், திரையில் கொம்பு முன்னால் வந்தாக வேண்டும். விசைப்பலகைக்கும் செயலிக்கும் நடுவே அமர்ந்த கருவி முதலில் அடித்த ககரத்தைப் பின்னழித்து, கொம்பை இட்டு, ககரத்தை மறுபடி எழுதியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், ஆஸ்திரேலியாவில் பிறந்த கீமேனை அடிப்படையாகக் கொண்டு முகுந்த் செய்த எ-கலப்பை ஆகியவை இப்படிப்பட்ட கருவிகள். எழுதுபவர் ஒலி வரிசையில் சிந்தித்தார். கணினி வடிவ வரிசையில் சேமித்தது. இடையில் இருந்த மொழிபெயர்ப்பாளரை யாரும் கவனிக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இந்த இடைத்தரகரை நம்பியே வடிவமைக்கப்பட்டது. அதில் உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழும்; ‘ந’வையும் ‘த’வையும் அடுத்தடுத்து அடித்தால் ‘ந்த’ வரும். தட்டச்சு இயந்திரம் செய்ய முடியாத இந்த வேலைக்குள் தமிழ்ச் சொல்லின் இலக்கணமே ஒளிந்திருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஆளுக்கொரு எழுத்துரு செய்ததால்தான் தமிழ் எழுத்து சிதறியது. ஒரு பத்திரிகையின் பக்கம் இன்னொரு கணினியில் கிறுக்கலாய்த் தெரிந்தது. தேடுபொறிகளால் எதையும் கண்டெடுக்க முடியவில்லை. உண்மைதான். ஆனால் சிதறலைக் கூட்டிச் சேர்க்கும் முயற்சியும் அந்தக் கருவிகளைச் செய்தவர்களிடமிருந்தே வந்தது. டிஸ்கி எந்த நிறுவனமும் ஆணையிட்டுப் பிறந்ததல்ல. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி எட்டிய உடன்பாடு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் எட்டு பிட் குறிமுறைகளில்தான் வெளியிட்டது. பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியது. ஒவ்வொரு பழைய குறிமுறையும் ஓர் அட்டவணை என்பதால், அட்டவணைக்கு அட்டவணை மாற்றும் கருவி எழுதுவது முடிகிற காரியமாக இருந்தது. எழுதாமல் விட்ட நூலை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

இன்னொரு மறுப்பு காலத்தைப் பற்றியது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது; அதற்காகக் காத்திருக்காமல் டாம், டாப் என்று 1999இல் புதிய எட்டு பிட் குறிமுறைகளுக்கு அரசு முத்திரை குத்தியது மாற்றத்தைத் தாமதப்படுத்தவில்லையா? தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான் என்பதைப் பார்த்தால், இந்தக் குற்றச்சாட்டை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆயினும் காகிதத்தில் இருந்த தரம் வேறு, கணினியில் ஓடிய தரம் வேறு. தமிழைக் கையாளும் யூனிஸ்கிரைப் நிரலும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000உடன்தான் வந்தன. எக்ஸ்பியில்கூடத் தமிழ் தானாகத் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, விண்டோஸ் குறுவட்டைச் செருக வேண்டும். ஒன்பது ஆண்டுகள் எழுதாமல் காத்திருந்த மொழியை எந்த நிறுவனம் தன் அடுத்த பதிப்பில் நினைத்துப் பார்த்திருக்கும்? மேலும், மாற்றம் வந்தபோது அதைச் சுமந்ததும் அதே கருவிகள்தான். எ-கலப்பையில் ஒரு குறுக்குவிசை டிஸ்கிக்கு, இன்னொன்று யூனிகோடுக்கு. விரல்கள் புதிதாக எதையும் கற்கவில்லை. அடியில் சேமிப்பு மட்டும் மாறியது.

பழைய இயங்குதளங்களின் வரலாறு முழுக்க இப்படி வெளியிலிருந்து வந்து உள்ளே குடியேறியவற்றின் வரிசை இருக்கிறது. அழித்த கோப்பை மீட்கும் கருவியை நார்ட்டன் என்ற நிரலாளர் 1982இல் விற்றார். 1991இல் வந்த டாஸ் 5 இயங்குதளம் அதே வேலைக்கான கட்டளையைத் தன்னோடு கொண்டுவந்தது. தமிழுக்கும் அதுவே நடந்தது: மேக்கில் இன்று அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன, விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும் தமிழ்99 உண்டு. தமிழில் ஒட்டு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கிழிந்த துணியில் போடுவதும் ஒட்டு, மாமரத்தில் கட்டுவதும் ஒட்டு. எட்டு பிட் குறிமுறைகள் துணியில் போட்ட ஒட்டு. புதுத் துணி வந்ததும் அவற்றின் வேலை முடிந்தது. விசைப்பலகை மரத்தில் கட்டிய ஒட்டு. அடிமரம் யாருடையதோ, காய்ப்பது நம் மரபு. அந்தக் காலத்தைக் குழப்பம் என்று மட்டும் எழுதும் வரலாறு, இரண்டு ஒட்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறது.