பூனை புகும் துளை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் எக்ஸிடர் பேராலயத்தின் பழைய கணக்கேடுகளில் ஒரு விநோதமான செலவினம் உண்டு. 1305ஆம் ஆண்டு தொடங்கி 1467 வரையிலான பதிவுகளில் காலாண்டுக்குப் பதின்மூன்று பென்ஸ், அதாவது வாரத்திற்கு ஒரு பென்னி, பூனையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. லத்தீனில் அந்த வரி ஆலயக் காவலரையும் பூனையையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது. காவலர்க்கும் பூனைக்கும் இன்ன தொகை என்று. எலி பிடிப்பது அதன் பணி. வாரப் பென்னி அதன் தீனிச் செலவு. எழுதியவர் நகைச்சுவைக்காக எழுதவில்லை. பூனை அந்தப் பேராலயத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த ஒரு ஊழியர், அவ்வளவுதான்.

அதே பேராலயத்தின் வடபுறச் சிறகில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. அதன் கயிறுகளுக்கும் பொறிகளுக்கும் மிருகக் கொழுப்பைப் பூசி வைப்பார்கள். கொழுப்பின் வாசனைக்கு எலிகள் வந்து கயிற்றைக் கடிக்கும். 1598ஆம் ஆண்டில், வில்லியம் காட்டன் பேராயராகப் பொறுப்பேற்ற காலத்தில், கடிகாரத்தின் பின்னறைக்குச் செல்லும் மரக்கதவின் அடிப்பகுதியில் வட்டமாக ஒரு துளை போடத் தச்சருக்கு எட்டு பென்ஸ் கூலி கொடுக்கப்பட்டது. முந்தைய நூற்றாண்டுகளின் கணக்குப்படி பார்த்தால் அது ஒரு பூனையின் எட்டு வாரச் சம்பளம். துளை இன்றும் இருக்கிறது. எலி கடிகாரத்தின் மேல் ஏறும் அந்தப் புகழ்பெற்ற ஆங்கிலக் குழந்தைப்பாடல் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பிறந்தது என்று சொல்வாரும் உண்டு. அதை நாம் ஊர்ப்பெருமையின் கணக்கில் வைத்துவிடலாம்.

பூனை உள்ளே வர விரும்புவதை மனிதனுக்கு எவ்வாறு தெரிவிக்கிறது என்ற கேள்வியின் வரலாற்றை இந்தத் துளையிலிருந்து தொடங்குவதே முறை என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இந்தத் துளை இருக்கும் இடத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. பூனை யாரையும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. ஐரோப்பாவின் தானியக் களஞ்சியங்களிலும் பண்ணை வீடுகளிலும் இதுவே வழக்கம். ஸ்பானியர் இத்துளையை 'கத்தேரா' என்றும், இத்தாலியர் 'கத்தையோலா' என்றும், பிரெஞ்சுக்காரர் 'ஷாத்தியேர்' என்றும் அழைக்கிறார்கள். மூன்றிலும் பூனை என்னும் சொல் உள்ளே ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சுச் சொல் பின்னாளில் கூரையில் காற்றுப் போக வைக்கும் ஓட்டுக்கும், குகை ஆய்வாளர்கள் வயிற்றால் ஊர்ந்து செல்லும் குறுகலான இடுக்குக்கும் பெயராகிவிட்டது. நம் ஓட்டு வீடுகளில் பூனைக்கெனத் தனியே துளை போட்டதை நாம் கண்டதில்லை. முற்றமும் கூரை இடுக்கும் இருக்கும்போது தச்சருக்கு எதற்குக் கூலி?

இலக்கிய வாசகர்கள் இத்துளையை வேறோர் இடத்தில் சந்தித்திருப்பார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய காண்டர்பரி கதைகளில் ஆலைக்காரன் சொல்லும் கதை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தச்சனின் வீட்டில் குடியிருக்கும் நிக்கலஸ் என்ற மாணவன், தச்சனின் இளம் மனைவியை அடையும் சூழ்ச்சியின் முதற்படியாக அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வராமல் இருக்கிறான். கவலைப்பட்ட தச்சன் வேலைக்காரப் பையனை அனுப்புகிறான். பையன் கதவைத் தட்டுகிறான், கத்துகிறான், பதிலில்லை. பிறகு கதவின் அடிப்பலகையில் பூனை நுழையும் துளையைக் கண்டுபிடித்து அதன் வழியே எட்டிப் பார்க்கிறான்; வாயைப் பிளந்து வானத்தை வெறித்தபடி அமர்ந்திருக்கும் மாணவன் தெரிகிறான். சாசருக்குத் துளையை விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசகர் எல்லோர் வீட்டிலும் அது இருந்திருக்கிறது. ஆங்கில இலக்கியத்திற்குள் பூனைத்துளை நுழைந்தபோது பூனை அதன் வழியே வரவில்லை, ஒரு மனிதக் கண்தான் வந்தது என்பது நமக்குச் சுவையாக இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். ஆறு நூற்றாண்டுகள் கழித்து அந்தக் கண் திரும்பி வரும்.

இனி நியூட்டன். பூனைக்கதவைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்ற செய்தி நம் வார இதழ்களின் துணுக்குப் பகுதிகளில் எத்தனையோ முறை அச்சேறியிருக்கிறது. தாய்ப்பூனைக்குப் பெரிய துளை ஒன்றும் குட்டிக்குச் சிறிய துளை ஒன்றும் போட்டார், பெரிய துளை வழியாகவே குட்டியும் வந்துவிடும் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை என்பது கதை. 1598லேயே எக்ஸிடரில் துளை போட்டாயிற்று, நியூட்டன் பிறந்தது அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பிறகு. எனவே கண்டுபிடித்தவர் என்ற பேச்சு எடுபடாது. மீதிக் கதையாவது உண்மையா?

கேம்பிரிட்ஜில் படித்த ஜே. எம். எஃப். ரைட் என்பவர் 1827இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் இந்தக் கதையைச் சொல்கிறார். கதை மெய்யோ பொய்யோ, ட்ரினிட்டி கல்லூரியில் அந்த அறைக் கதவில் பூனைக்கும் குட்டிக்கும் பொருந்தும் அளவில் அடைக்கப்பட்ட இரு துளைகள் இருக்கின்றன என்று சான்றும் தருகிறார். ஆனால் நியூட்டன் ட்ரினிட்டியை விட்டு லண்டன் நாணயச்சாலைக்குச் சென்றது 1696இல். நூற்று முப்பது ஆண்டுகளில் ஓர் அறையில் எத்தனை பேர் குடியிருந்திருப்பார்கள், எத்தனை பூனைகள் வளர்ந்திருக்கும்!

இதற்கு எதிராக ஒரு நேரடிச் சாட்சி இருக்கிறது. 1680களில் நியூட்டனின் எழுத்தராக அவருடனேயே வாழ்ந்த ஹம்ஃப்ரி நியூட்டன் (பெயர் ஒன்றேயன்றி உறவினரல்லர்), நியூட்டனின் மறைவுக்குப் பின் ஜான் காண்டியூட்டுக்கு எழுதிய கடிதத்தில், அவர் அறையில் நாயும் வைத்துக்கொள்ளவில்லை, பூனையும் வைத்துக்கொள்ளவில்லை என்கிறார். அதோடு நிற்கவில்லை. அதனால் படுக்கை விரிக்க வரும் கிழவிக்கு நல்ல காலம். பகலுணவும் இரவுணவும் அநேகமாகத் தொடப்படாமலே காலையில் அவளுக்குக் கிடைக்கும் என்றும் எழுதுகிறார். எந்தத் துணுக்கிலும் இடம்பெறாத இந்தக் கிழவியின் பக்கம்தான் நம் மனம் சாய்கிறது. மேதை மறந்த உணவைத் தின்று பசியாறிய ஒரு மனுஷி வரலாற்றில் ஒரு வாக்கியத்திற்கு வந்துபோகிறாள். இல்லாத பூனையோ இருநூறு ஆண்டுகளாக அவர் கதவில் நுழைந்துகொண்டே இருக்கிறது. அறிவாளிக்கும் ஒரு இடத்தில் அறிவு தடுக்கும் என்று கேட்பதில் நமக்கெல்லாம் உள்ள ஆசையே அந்தப் பூனைக்குத் தீனி போடுகிறது போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூனையின் நிலை மாறியது. 1871 ஜூலையில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஏற்பாடு செய்த பூனைக் கண்காட்சியில் பூனைகள் அழகுக்காகப் பரிசு பெற்றன. ஊழியராக இருந்த பிராணி செல்லப்பிராணியானது. ஊழியருக்குப் போட்ட துளையைக் கம்பளம் விரித்த வரவேற்பறையின் கதவில் போட முடியாது. குளிர்காற்று வரும், மழைச்சாரல் வரும், ஊர்ப்பூனைகளும் வரும். ஆகவே கதவு மூடியது. மூடிய கதவின் முன் பூனை முதன்முறையாகக் கேட்க வேண்டியதாயிற்று.

கேட்பதற்கு அதனிடம் ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது. வளர்ந்த பூனைகள் தமக்குள் அதிகம் மியாவ் என்று பேசிக்கொள்வதில்லை. குட்டி தாயிடம் எழுப்பும் அந்த ஒலியை வீட்டுப்பூனை ஆயுள் முழுதும் மனிதனுக்கென்றே வைத்துக்கொள்கிறது. சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்காம்ப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. தீனி கேட்கும்போது சில பூனைகள் எழுப்பும் உறுமலின் அடியில் உயர் அதிர்வெண் கொண்ட ஓர் அழுகை பதிந்திருக்கிறது. பூனை வளர்த்திராதவர்களுக்கும் அது அவசரமாகவும் சங்கடமாகவும் ஒலிக்கிறது. மனிதக் குழந்தையின் அழுகை நம்மை எழுப்பும் அதே நரம்பை அது தொடுகிறது என்பது அவர்கள் கருத்து. பூனைக்கு அழைப்புமணி செய்து தர எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். கதவோரம் தொங்கும் சிறு மணியும், பாதத்தால் அழுத்தும் கம்பியில்லாப் பொத்தானும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் மணிக்கு முன்பே பூனை நம்மிடம் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தத் தொடங்கிவிட்டது.

1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் உறிஞ்சும் களிமண்ணைப் பூனை மலத்தட்டுக்கு விற்கத் தொடங்கியதும், பூனையை நாள் முழுதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது எளிதாயிற்று. அமெரிக்காவில் பெரும்பாலான பூனைகள் அப்படியே உள்ளே தங்கின. பிரிட்டனிலோ பூனை வெளியே உலவ வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. எனவே கதவுத் தொல்லையும் அங்கேதான் தங்கியது, அதைத் தீர்க்க முனைந்த மூளைகளும் அங்கேதான் பிறந்தன.

அவற்றுள் நம் அன்புக்குரியவர் ஆர்தர் பால் பெட்ரிக். பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். சஸ்ஸெக்ஸ் கடற்கரையில் செல்ஸி என்ற ஊரில் வசித்தவர். ஆயுள் முழுதும் பிறர் கண்டுபிடிப்புகளைச் சலித்த மனிதர், ஓய்வுக்குப் பின் 162 காப்புரிமைகளைத் தாமே பெற்றார். பின்னிருக்கையிலிருந்து ஓட்டும் கார், தென்துருவப் பனியை உருண்டைகளாக்கிக் குழாய் வழியே ஆஸ்திரேலியப் பாலைவனத்திற்கு அனுப்பும் திட்டம் என்று அவை விரியும். அவருடைய ஆலோசகர் ஜிஞ்சர் என்ற செம்பழுப்புப் பூனை. விண்ணப்பங்கள் சிலவற்றில் ஜிஞ்சர் ஓர் உரையாடல் பாத்திரமாகவே வருகிறது. சட்ட ஆவணங்களில் இத்தகைய இலக்கியம் வெகு அபூர்வம்.

1976இல் வெளியான 1426698 எண்ணுள்ள காப்புரிமையில் பெட்ரிக் ஜிஞ்சருக்கு ஒரு கதவு செய்தார். அண்டை வீட்டுக் கறுப்புப் பூனை உள்ளே புகுந்து ஜிஞ்சரின் தீனியைத் தின்றுவிடுவதுதான் சிக்கல். வாசலில் நிற்கும் ரோமத்திலிருந்து திரும்பும் ஒளியின் நிறத்தை ஓர் உணர்கருவி பார்க்கும். செம்பழுப்பென்றால் கதவு திறக்கும், கறுப்பென்றால் திறக்காது. இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் நாம் அவரை ஒரு நல்ல பொறியாளர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அதே உணர்கருவியை, பூமியைச் சுற்றிவரும் ஆயிரம் மெகாடன் அணுகுண்டிலும் பொருத்தலாம் என்று அதே ஆவணத்தில் அவர் விளக்குகிறார். எந்த நாடாவது அணுப்போரைத் தொடங்கினால், அதன் ஒளியைக் கண்டு குண்டு அந்நாட்டின் மேல் விழும். அந்த அச்சத்தில் உலகம் அமைதியாக இருக்கும். காப்புரிமையின் தலைப்பிலேயே பூனைக்கதவும் அமைதிக் குண்டும் அருகருகே நிற்கின்றன.

சிரிக்காமல் இதைப் படிப்பது கடினம். ஆனால் பனிப்போர்க் காலத்தில் செல்ஸியில் ஒரு கிழவர், நம்மவன் யார், அயலான் யார் என்று வாசலில் நின்று பிரித்தறிவதே தன் காலத்தின் கேள்வி என்று கண்டுகொண்டதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. எக்ஸிடரின் துளை எந்தப் பூனையையும் நீ யார் என்று கேட்டதில்லை.

சந்தைக்கு வந்த கதவுகளும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டன. முதலில் கழுத்துப்பட்டையில் காந்தம். அது பூட்டைத் திறந்ததோடு ஆணிகளையும் ஊசிகளையும் சேகரித்து வந்தது, அடுத்த வீட்டுப் பூனையிடமும் காந்தம் இருந்தால் அதற்கும் திறந்தது. பிறகு அகச்சிவப்புக் குறியீடு. கழுத்துப்பட்டை வேலியில் சிக்கித் தொலைந்தால் பூனையின் அடையாளமும் தொலைந்தது. 2000களின் பிற்பகுதியில் நிக் ஹில் என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலர், அயல்பூனைகளின் படையெடுப்பால் தன் பூனை படும் பாட்டைப் பார்த்து வேறு வழி கண்டார். தொலைந்தால் கண்டுபிடிக்கவென்று தோளெலும்புகளுக்கு நடுவே தோலடியில் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்கும் அரிசிமணியளவுச் சில்லையே கதவு படிக்கும்படி செய்தார். சில்லில் மின்கலம் இல்லை. கதவின் சுரங்கத்தில் பூனை தலையை நுழைத்ததும் அங்குள்ள சுருளின் அலை அதை உயிர்ப்பிக்கிறது, பதினைந்து இலக்க எண் ஒன்று திரும்பி வருகிறது, தாழ் விலகுகிறது. நியூட்டனின் ஊரிலிருந்து ஒரு இயற்பியலர் பூனைக்கதவைப் படைத்தார் என்ற வாக்கியம் இவ்வாறு முன்னூறு ஆண்டு தாமதமாக உண்மையாயிற்று.

அடுத்து வந்தது கண். 2000களின் தொடக்கத்திலேயே ஃப்ளோ என்ற பூனையின் நிழலுருவைப் படம்பிடித்து, வாயில் இரை இருந்தால் கதவைத் திறக்க மறுக்கும் ஒரு பொறியை அமெரிக்காவில் செய்துபார்த்தார்கள். 2019இல் சியாட்டிலில் ஒருவர் தன் பூனையின் ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு கணினிக்குக் கற்பித்து அதையே மேலும் செம்மையாகச் செய்தார். பூனை எதையாவது கொன்று கவ்விக்கொண்டு வந்தால் கதவு பதினைந்து நிமிடம் பூட்டிக்கொள்ளும், பறவைகளைக் காக்கும் ஆடுபான் சங்கத்திற்கு ஒரு சிறு நன்கொடை தானாகவே போய்ச்சேரும். எலி பிடித்ததற்காக வாரப் பென்னி வாங்கிய குலத்தில் பிறந்த ஒரு பிராணி, எலியோடு வந்ததற்காக வாசலில் நிறுத்தப்பட்டு, அதன் பெயரில் தண்டமும் கட்டப்படுகிறது. அன்று தச்சன் வீட்டுத் துளையில் வேலைக்காரப் பையன் வைத்த கண்ணை இன்று கதவே வைத்திருக்கிறது. இத்தகைய கதவுகளை விற்கும் நிறுவனங்கள் இப்போது சில உள்ளன.

எல்லாரும் இவ்வழியே போய்விடவில்லை. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர அடுக்குமாடிகளில் மேல்மாடிச் சன்னல் வரை பூனைகளுக்கு மர ஏணிகள் சாய்த்து வைத்திருக்கிறார்கள்; பிரிகிட்டே ஷூஸ்டர் என்ற வடிவமைப்பாளர் அவற்றைப் படமெடுத்து 2019இல் ஒரு நூலாகவே கொண்டுவந்தார். மரச்சட்டமும் சில படிகளும்தான். அவற்றில் ஏறும் பூனையிடம் யாரும் எண் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு இருபது வார வயதிற்குள் சில்லுப் பொருத்துவது சட்டப்படி கட்டாயம். எனவே அங்கே பெரும்பாலான வீட்டுப்பூனைகள் தம் கதவின் சாவியை உடலிலேயே சுமந்து நடக்கின்றன. அத்தனை இருந்தும், பூனை வளர்ப்பவர் எவரைக் கேட்டாலும் ஒரே காட்சியைச் சொல்வார். தனக்கென்று செய்த கதவு இரண்டடி தள்ளி இருக்க, பூனை பெரிய கதவின் முன் வந்து அமர்ந்துகொள்கிறது. கைப்பிடியை நிமிர்ந்து பார்க்கிறது. பிறகு, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதை அறிந்த குரலில், ஒருமுறை கூப்பிடுகிறது.