சொந்தச் சங்கமே காணிக்குள் வந்தபோது

உயரழுத்த மின்கம்பி இழுக்கப் போகிறவர்கள் பொதுவாகக் கமக்காரரின் காணியை வாங்குவதில்லை. ஒரு கீற்று நிலத்தின் மேல் வழியுரிமையை மட்டும்தான் வாங்குகிறார்கள். உறுதி கமக்காரரின் பெயரிலேயே இருக்கும், வரியும் அவர்தான் கட்டுவார். கோபுரம் மட்டும் நிரந்தரமாக வந்து நிற்கும். சம்மதிக்காவிட்டால் நீதிமன்றம் மூலம் அந்த உரிமையைச் சுவீகரிக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1970களில் இந்த ஏற்பாடு வெடித்த கதையைப் பார்த்தால், பிரச்சினை காசு மட்டும் இல்லை எண்டு விளங்கும்.

கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராமிய மின்மயமாக்கல் நிர்வாகத்தை உருவாக்கியபோது, அமெரிக்கக் கமங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. இலாபம் வராது எண்டு தனியார் கம்பனிகள் கைவிட்ட இடங்களில், கமக்காரரே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசிடம் கடன் எடுத்துக் கம்பி இழுத்தார்கள். தங்கட வீட்டு விளக்குக்காகத் தங்கட காணியில் கம்பம் நட இடம் விட்டார்கள்.

நாற்பது வருடத்துக்குள் நிலைமை தலைகீழானது. அந்தச் சங்கங்களுக்கு மின்சாரம் விநியோகித்த இரண்டு கூட்டுறவு அமைப்புகள், வடக்கு டகோட்டாவின் நிலக்கரிச் சுரங்கத்தருகே மின்நிலையம் கட்டி, அங்கிருந்து மினியாபொலிஸ் பக்கம் வரை 400 மைலுக்கு மேல் நேரோட்டக் கம்பி இழுக்கத் திட்டமிட்டன. அழுத்தம் 400 கிலோவோல்ட். பாதையில் இருந்த கமக்காரர் பலருக்கு, எல்லாம் ஏறக்குறைய முடிவான பிறகுதான் விஷயம் தெரிந்தது. வனவிலங்குப் பகுதிகளைத் தவிர்க்க வேணும் எண்டு பார்த்தவர்கள், விளைநிலத்தைத் தவிர்க்க வேணும் எண்டு நினைக்கவில்லை. வயலைக் குறுக்காக வெட்டிக் கோபுரம் நின்றால், வட்டமாகச் சுற்றி நீர் பாய்ச்சும் இயந்திரம் ஓடாது. கெடுவது கோபுரத்தடி மட்டும் இல்லை, முழு வயலின் கணக்கும்தான். மின்சாரமோ பெரும்பாலும் நகரத்துப் புறநகர்களுக்கு. இதையெல்லாம் செய்தது அந்நியக் கம்பனியும் இல்லை, அவர்களே உறுப்பினராக இருந்த சங்கம்!

1976இல் ஒரு கமக்காரர் நில அளவையாளரின் கருவி மேல் உழவு இயந்திரத்தை ஏற்றினார். 1977 செப்டெம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் கமக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1978 ஜனவரியில் ஆளுநர் ரூடி பேர்பிச் 200க்கு மேற்பட்ட பொலிசாரை அனுப்பினார். அது மாநில நெடுஞ்சாலைப் பொலிஸ் படையில் கிட்டத்தட்டப் பாதி. அவர்களின் காவலில் வேலை நடந்தது. அதே ஆண்டு ஓகஸ்டிலிருந்து இரவுகளில் கோபுரங்கள் சாயத் தொடங்கின. 'போல்ட் தின்னும் வண்டு' வந்துவிட்டது எண்டு ஊரார் பகிடி விட்டார்கள். பத்துக்கு மேற்பட்ட கோபுரங்கள் விழுந்தும் திட்டம் நிற்கவில்லை. இந்தப் போராட்டத்தைப் பற்றி பௌதிகவியலாளர் பரி காஸ்பரோடு சேர்ந்து 1981இல் புத்தகம் எழுதிய அரசியல் விரிவுரையாளர் போல் வெல்ஸ்டோன், 1990இல் செனட்டராகத் தெரிவானார்.

கமக்காரர் முழுசாகத் தோற்றார்கள் எண்டும் சொல்ல ஏலாது. 1977இல் மினசோட்டா ஒரு சட்டம் கொண்டுவந்தது. 200 கிலோவோல்ட்டும் அதற்கு மேலுமான கம்பி காணிக்குள் வந்தால், கீற்றை மட்டும் எடுக்காமல் முழுக் கமத்தையும் வாங்கு எண்டு உரிமையாளர் கேட்கலாம். 1980இல் அதே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் எண்டது. கீற்று நிலம் வெறும் கீற்று இல்லை, அது ஒரு சீவியத்தின் நடுப்பகுதி எண்டு சட்டமே ஒத்துக்கொண்ட இடம் அது.

காற்றாலை, சூரிய மின்சாரம் எண்டு இண்டைக்கு நாங்கள் ஆதரிக்கிற எல்லாத்துக்கும் நீண்ட கம்பிகள் வேணும். அந்தக் கம்பிகள் யாரோ ஒருவரின் காணிக்கு மேலாகத்தான் போகும். நட்டஈடு எவ்வளவு எண்ட பேச்சுக்கு முதல், பாதையைத் தீர்மானிக்கும் மேசையில் அவருக்கு ஒரு கதிரை இருக்கா எண்டு கேட்க வேணும். மினசோட்டாவில் கூட்டுறவு எண்ட பெயர் இருந்தது, அந்தக் கதிரை இருக்கவில்லை.